இரண்டாவதாக வந்தவள்

தையல் தொழிலில் ஒரு வசதி உண்டு. முதல் ரவிக்கையில் செய்த தப்பை இரண்டாவது ரவிக்கையில் செய்ய மாட்டோம். பிள்ளை பெறும் தொழிலில் அந்த வசதி கிடையாது. முதல் பிரசவத்தில் கற்றுக்கொண்டதை எல்லாம் இரண்டாவது பிரசவம் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு நடக்கும். இரண்டு பெற்ற தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று பெற்றுவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

என் பெயர் மணிமேகலை. மாரண்டஹள்ளியில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் முருகேசன் தக்காளி லோடு லாரி ஓட்டுகிறார். மூத்தவள் யாழினி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பக்கத்து வீட்டில் என் நாத்தனார் செல்வி, அவருடைய தங்கை. இந்த நாலு பேரும் போதும், கதைக்குள் போகலாம்.

அளவு கொடுக்க வந்தவர்கள்

ஏழாம் மாதத்திலிருந்து, கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் என்னை அளவெடுக்க ஆரம்பித்தார்கள். வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது, அதனால் இது. இல்லை, பக்கவாட்டில் பரந்திருக்கிறது, அதனால் அது. நானோ மிஷினுக்கும் எனக்கும் நடுவில் வயிறு இடிக்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் கை எட்டாத தூரத்துக்கே போய்விட்டேன். மோட்டார் ஓடும்போது உள்ளே இருக்கும் ஆள் சத்தமில்லாமல் இருக்கும். நூல் அறுந்து மோட்டாரை நிறுத்தினால் போதும், விலாவில் ஓர் உதை. முகம் தெரியாத ஒருத்தர் என் வேலையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் தன் தம்பி கல்யாணத்துக்குப் பட்டு ரவிக்கை கொடுத்திருந்தார். தேதி நெருங்க நெருங்க அவர் தினமும் வந்து என் நலம் விசாரிப்பார். எனக்கும் மனசு குளிர்ந்துபோனது. ஒரு நாள் என் கால் வீக்கத்தைப் பார்த்து ரொம்ப வருத்தப்பட்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டு, வாசல்படி வரை போனவர் திரும்பிக் கேட்டார்: "கொழந்த எப்ப வேணும்னாலும் பொறக்கட்டும் மணி, என் ஜாக்கெட்டு வெள்ளிக்கெழமைக்குள்ள ஆயிருமில்லீங்க?"

தொப்பூரில் நின்ற லாரி

வலி வந்தது வியாழக்கிழமை காலை. அந்தப் பட்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். யாழினியைப் பெறும்போது ஒரு பகலும் ஒரு இரவும் வலித்தது. அந்தக் கணக்கில், "இப்பதானே ஆரம்பம், ஆறு கொக்கியையும் வச்சி முடிச்சிரலாம்" என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கொக்கியில் ஊசி கையிலிருந்து நழுவியது. நான்காவது கொக்கிக்கு வரவேயில்லை. இடுப்பிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, முதுகைச் சுற்றி, முன்னால் வந்து முடிச்சுப் போட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு செல்வியைக் கூப்பிட்டேன். அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்போதே நான் என் கணவருக்குப் போட்டேன்.

அவர் சேலத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். தொப்பூர் கணவாயில் ஏதோ ஒரு லாரி கவிழ்ந்து, முன்னாலும் பின்னாலும் வண்டிகள் கட்டி நின்றன. போனில் எனக்கு அவர் குரலைவிட ஹாரன் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வண்டிக்காரரை ஹாரனை நிறுத்தச் சொன்னார். பிறகு, என்னை ஒன்பது மாதமும் கண்ணாடிப் பாத்திரம்போல வைத்துக்கொண்ட அந்த மனுஷர் முழு நம்பிக்கையோடு கேட்டார்: "மணி, இந்த ட்ராபிக்கு கிளியர் ஆவுற வரைக்கும் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வெக்க முடியாதா?"

யாருக்கு வலி

செல்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்கறி மண்டியில் ஆம்பளைகள் நடுவில் நின்று ஏலம் கேட்பவள். பாம்பு வந்தால் கோலை எடுத்துக்கொண்டு முன்னால் போவாள். ஆனால் ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே உதடு வெளுத்துவிடும். யாழினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டாகிவிட்டது, வேறு யாரும் இல்லை என்பதால் அவள்தான் என்னோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். ஏறும்போது, "நான் இருக்கறன் அண்ணி, நீங்க தைரியமா இருங்க" என்றாள்.

பாலக்கோடு ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் பனிக்குடம் உடைந்தது. வெதுவெதுப்பாகத் தண்ணீர் இறங்கியது. நான் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்வியைத் தேடினேன். அவள் இருக்கையில் இல்லை. கீழே, என் செருப்புக்குப் பக்கத்தில், கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியில் இருந்த நர்ஸம்மா ஒரு கையால் என் வயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். வலிக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. "டிரைவரு ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும், சீக்கிரம் சொல்லுங்க," என்றார். "ரெண்டு பேர்ல பிரசவ வலி யாருக்கும்மா?"

பக்கத்து மேஜைக்காரி

ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் இரண்டு மேஜை. பக்கத்து மேஜையில் கௌரம்மா என்று ஒரு பெண். கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர், வீட்டில் பேசுவது கன்னடம். முதல் பிரசவம். வயது இருபதுதான் இருக்கும். என்னைவிட முன்னாலேயே வந்து, என்னைவிட அதிகமாகப் பயந்து கிடந்தாள். நர்ஸ் என்னைக் காட்டி, "இவங்களுக்கு ரெண்டாவது, எல்லாம் தெரியும், இவங்களப் பாத்துக் கத்துக்க" என்று அவளிடம் சொல்லிவிட்டார். எனக்கு என்ன தெரியும்? அந்த நேரத்தில் என் பேரே சந்தேகமாக இருந்தது.

இருந்தாலும் ஒருத்தி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் கத்துவதற்குக்கூடக் கொஞ்சம் வெட்கம் வருகிறது. மூச்சை இழுத்து, வாயால் ஊதி விட்டேன். அவளும் ஊதினாள். எனக்கு வலி இறங்கும்போது அவளுக்கு ஏறும். அவளுக்கு இறங்கும்போது எனக்கு ஏறும். நடுவில் கையை நீட்டினேன், அவள் பிடித்துக்கொண்டாள். வளையல் கழற்றிய வெறும் கை. அந்தப் பிடியில் இருந்த பலத்தை நான் எந்த ஆம்பளை கையிலும் பார்த்ததில்லை. ஒரு பெரிய வலியில் நான் கையை இழுக்கப் பார்த்தபோது அவள் கத்தினாள். கன்னடத்தில் விடாதீங்க என்று அர்த்தமாம், எனக்கு அப்போது அதில் 'பிடி' என்பது மட்டும்தான் கேட்டது, அதனால் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் கத்தியது இதுதான்: "கை பிடபேடி அக்கா, பிடபேடி!"

சத்தம் வராத நேரம்

கடைசிக் கட்டத்தில் நான் எதையும் செய்யவில்லை. இதை ஒன்று பெற்றவர்களும் இரண்டு பெற்றவர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். நர்ஸ் "இப்ப முக்கு" என்பதற்கு முன்னாலேயே உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. என்னைவிடப் பெரிய ஒன்று என் வழியாக நடந்து போனது, நான் ஒதுங்கி வழிவிட்டேன், அவ்வளவுதான். தலை வந்தது. உடனே நர்ஸ், "நிறுத்து, நிறுத்து, முக்காத" என்றார். தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று. டாக்டரம்மா குனிந்தார். அவர் கை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது, அவர் முகம் மட்டும் தெரிந்தது. அதில் பதற்றம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கிடந்தேன். பிறகு உடம்பு சட்டென்று காலியானது.

அழுகை வரவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு விளக்குக்கு அடியில் போனார்கள். நான் கிடந்த இடத்திலிருந்து நர்ஸின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தேய்க்கும் சத்தம், உறிஞ்சும் குழாயின் சத்தம், யாரோ "இன்னொருக்க" என்று சொன்ன சத்தம். சுவரில் கடிகாரம் இருந்தது. பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுகூடத் தோன்றவில்லை. "அழு, அழு" என்று வாய் மட்டும் முணுமுணுத்தது. என் வாழ்க்கையில் இன்னொரு உயிரை அழச்சொல்லிக் கெஞ்சியது அன்றைக்கு ஒருநாள்தான்.

பூனைக்குட்டி தும்மியதுபோல ஒரு சத்தம் வந்தது. அது என்னவென்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. கௌரம்மாவின் மேஜையிலிருந்து விளக்கு நேராகத் தெரியும். தன் வலியை எல்லாம் விட்டுவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்து, எனக்காக எட்டிப் பார்த்தாள். அந்த அறையில் குழந்தையின் அழுகை பெரிதாகக் கிளம்பியபோது அதற்கும் மேலே அவள் குரல் கேட்டது: "மகு அள்தா இதெ அக்கா! அழுவுது, அழுவுது, நல்லா அழுவுது!"

தையல் இல்லாத உடம்பு

துடைத்துச் சுற்றி என் நெஞ்சில் போட்டார்கள். சூடாக இருந்தாள். அவ்வளவு அழுத குழந்தை என் மேல் பட்டதும் நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்தாள். என்ன தெரிந்திருக்கும் அந்தக் கண்ணுக்கு? ஆனால் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகத் துணி தைக்கிறேன். எந்தத் துணியானாலும் என் கண் முதலில் போவது தையல் சேரும் இடத்துக்குத்தான். அக்குள், கழுத்து வளைவு, தோள் முனை. பழக்க தோஷத்தில் இவளையும் அப்படித்தான் பார்த்தேன். அக்குள் மடிப்பைப் பிரித்தேன். காதுக்குப் பின்னால் பார்த்தேன். விரலிடுக்கில் பார்த்தேன். எங்கேயும் ஒட்டு இல்லை, சுருக்கு இல்லை, பிசிறு இல்லை. நகம்கூட வெட்டி வைத்ததுபோல அளவாக இருந்தது. நான் தூங்கும்போதும், நான் குழம்பு தாளிக்கும்போதும், நான் யாழினியைத் திட்டும்போதும் இது எனக்குள்ளேயே நடந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

யாழினி பிறந்தபோதும் இதே அதிசயம் நடந்திருக்கும். அன்றைக்கு அசதியில் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன். இந்த முறை விடுவதாக இல்லை. குழந்தையை எடைபோட வாங்க வந்த நர்ஸ், நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னாம்மா டெய்லரு, எதுனா குறையிருந்தா மாத்திக் குடுக்க நாங்க என்ன கடையா வெச்சிருக்கறோம்?"

போச்சா, வந்துச்சா

இங்கே பிரசவ அறையில் ஒரு வழக்கம். குழந்தையைத் தாய்க்குக் காட்டி, "என்ன கொழந்தைனு நீயே பாத்துச் சொல்லு" என்பார்கள். பின்னால் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. நானும் பார்த்து, "பொண்ணு" என்றேன். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. எங்கள் பக்கம் இரண்டாவதும் பெண் என்றால் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. கர்ப்பமாக இருந்தபோது சொந்தக்காரர்கள் என்னென்ன சொல்லியிருந்தார்கள் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது. நெஞ்சுக்குள் ஒரு மூலையில் எனக்கும் பயம் இருந்தது, ஒளிக்க மாட்டேன். அந்தச் சத்தம் வராத நேரத்தில் அந்தப் பயம் எங்கே ஓடியதோ, திரும்பி வரவேயில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு, தூரத்துச் சொந்தத்தில் ஓர் அம்மா பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு, "ரெண்டும் பொண்ணாவே போச்சா?" என்றார். ஆம்புலன்ஸில் மயங்கி விழுந்த செல்வி அப்போது முழுசாகத் தெளிந்திருந்தாள். குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னாள்: "போவலைங்க பெரீம்மா, வந்திருக்குது."

கம்பியைப் பிடித்த கை

அவர் வந்து சேரும்போது மத்தியானம் மூன்று மணி. லாரியை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சட்டையில் தக்காளிக் கறை. வார்டு வாசலிலேயே நின்றார். முதலில் என்னைப் பார்த்தார், உச்சியிலிருந்து பாதம் வரை, ஏதாவது குறைகிறதா என்பதுபோல. கொடி சுற்றியிருந்ததையும் சத்தம் வராத நேரத்தையும் செல்வி போனிலேயே சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் அழுதிருப்பார் போல, கண் சிவந்திருந்தது.

குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். வந்தார். திரும்பவும் போய்க் கழுவினார். மூன்றாவது முறை கிளம்பியபோது செல்வி வழிமறித்து, குழந்தையை அவர் கையில் வைத்தாள். பன்னிரண்டு சக்கர வண்டியைக் கணவாயில் இறக்குகிற கை. குழந்தையின் துணி ஓரம் படபடக்கும் அளவுக்கு நடுங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "பஸ்ஸுல கம்பியப் புடிச்சிக்கிட்டே நின்னு வந்தனா, அதான் கை இப்பிடி ஆடுது."

யாழினியின் சோதனை

பள்ளிக்கூடம் விட்டதும் யாழினியை அவரே போய் அழைத்துவந்தார். சீருடையும் பையும் கழற்றாமல் கட்டிலோரம் வந்து நின்றாள். காலையில் விட்டுப்போன அம்மா வேறு, இப்போது படுத்திருக்கும் அம்மா வேறு என்பதுபோல என்னை ஒரு பார்வை. பிறகு குழந்தையைப் பார்த்தாள். தொடவில்லை. அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள், தானும் அதே வேகத்தில் மூச்சு விட்டுக்கொண்டு. என் மனசில் இவளுக்கு இருக்கிற இடத்தில் ஒரு பாதியைச் சின்னவளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று ஒன்பது மாதமும் கவலைப்பட்டிருந்தேன். பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் அதே அளவில் இன்னொரு இடம் எப்போதோ கட்டி முடிந்திருந்தது.

சிறிது நேரம் கழித்து அவள் என் பக்கம் வந்தாள். தளர்ந்துபோன என் வயிற்றில் மெதுவாகக் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். எதிரே படுத்திருந்த கௌரம்மாவுக்கு என் பிரசவம் முடிந்த ஒரு மணி நேரத்தில் பையன் பிறந்திருந்தான். அவளும் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். யாழினி தலையை நிமிர்த்தி, பொறுப்பான அக்காவாக என்னிடம் கேட்டாள்: "நல்லாப் பாத்தீங்களாம்மா, உள்ள இன்னும் யாரையாச்சும் டாக்டரம்மா உட்டுட்டாங்களா?"

பெற்றவள் நான்தான் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டரம்மா கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார், நம்புவதற்குத்தான் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்போல இருக்கிறது.