இடுப்பில் வைத்த கை

ஹாலிஸ் பிராட் மனிதர்களை இடுப்பை வைத்தே எடை போட்டுப் பழகியவர். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓரமாகத் தனியே நிற்கும் கார்னர்பேக்கின் வேலை, பந்தைப் பிடிக்க வரும் எதிராளியைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடுவது. அவன் திரும்பும் கணத்தில் தானும் திரும்புவது. அந்தத் திருப்பம் இடுப்பில் இருக்கிறது. தொழில்முறை அணி ஒன்றுக்கு ஆள் தேர்ந்து சொல்வதற்காக, இருபத்திரண்டு ஆண்டுகளாக லூசியானாவின் கல்லூரிகளுக்குக் கார் ஓட்டி வந்து அவர் பார்த்ததெல்லாம் அதைத்தான். ஓர் இடத்தையே இத்தனை காலம் உற்றுப் பார்த்தால் மற்றவை மறைந்துபோகும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

கார்னர்பேக் டேவியன் மெட்டோயரைப் பற்றிய அறிக்கையை அக்டோபரிலேயே அனுப்பிவிட்டார். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்; முதல் சுற்று மிகச் சிறந்தவர்களுக்கு. 'முதல் சுற்றிலேயே எடுக்கலாம்' என்று அவர் எழுதியது இத்தனை ஆண்டுகளில் நான்காவது முறை. நவம்பரில் மறுபடி வந்தது வெறும் சம்பிரதாயத்துக்கு. வியாழக்கிழமை காலை, கரும்புக் காடுகளைக் கொளுத்திய புகை பயிற்சி மைதானத்தின் மேல் படிந்து கிடந்தது.

பயிற்சியாளர்கள் புகழத்தான் செய்வார்கள். உண்மை துணி துவைக்கும் அறையில் கிடைக்கும். பெட்ரோல் பங்கில் வாங்கிய பூடான் பொட்டலத்தோடு, பன்றிக்கறியும் சோறும் அடைத்த தொத்திறைச்சி அது, கிளோவிஸைப் பார்க்கப் போனார். ஆட்டக்காரர்களின் தலைக்கவசம், சட்டை, கையுறை எல்லாம் கிளோவிஸ் பொறுப்பு.

"வாங்க, இடுப்பு டாக்டர்! இன்னிக்கு யாரு இடுப்ப அளக்கணும்?"

"உன்னோடதத்தான். நாடா பத்தாதுன்னு விட்டுட்டேன்."

கிளோவிஸ் வாய் நிறையத் தின்றபடி சிரித்தார். "மெட்டோயருக்காகத்தானே வந்தீங்க? தங்கமான புள்ள. இந்தக் கையுறை விஷயத்துலதான் படுத்துறான். இடது கைக்கு ஒரு சைஸ் பெருசு வேணுமாம். வலது கை உறைய பல்லால கடிச்சு இழுத்து மாட்டுறான்."

"ஏன் பல்லால? இடது கைக்கு என்ன ஆச்சு?"

சிரிப்பு நின்றது. "எனக்கென்னப்பா தெரியும். நான் துணி துவைக்கிறவன்."

ஹாலிஸ் படம் பார்க்கும் அறைக்குப் போய் டேவியனின் மூன்று ஆட்டங்களின் பதிவைத் திரும்பப் போட்டார். இம்முறை கையைப் பார்த்தார். பதினொரு இடங்களில், டேவியன் தலையைக் குனிந்து மோதி ஆளை வீழ்த்திய பிறகு, அவனுடைய இடது கை அறுந்த கயிறுபோலத் தொங்கியது. வலது கையால் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். ஹாலிஸின் கண் நிலைத்திருந்த அதே இடத்தில். அதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்: 'அடித்த பிறகு இடுப்பில் கை வைத்து நிற்கிறான். பதற்றமே இல்லை.'

சாப்பாட்டுக்கூடத்துக்கு வெளியே அவனை மறித்தார்.

"எத்தனை நாளா, தம்பி?"

"எது, மிஸ்டர் ஹாலிஸ்?"

"கை."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "எரியும். ஒரு நிமிஷத்துல சரியாயிடும். எல்லாருக்கும் வர்றதுதானே?"

"ஒரு கை மட்டும்தானா?"

அவன் இடது கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"டேவியன். ஒரு கைதானா?"

"போன சனிக்கிழமை ரெண்டும். காலும் கொஞ்ச நேரம் மரத்துப்போச்சு." குரல் தாழ்ந்தது. "நாளை மறுநாள் கடைசி ஆட்டம். நாலு அணியிலேர்ந்து பாக்க வர்றாங்க. எழுதிடாதீங்க. எங்க வீட்டுல எல்லாரும் சர்க்கரை ஆலைக்குத்தான் போனாங்க. நான் போகமாட்டேன்."

ஒரு கை எரிந்தால் நரம்பு. இரண்டும் எரிந்தால் தண்டுவடம். அன்றே தன் அணியின் ஆள்தேர்வுத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

"நல்லவேளை கண்டுபிடிச்ச. நம்ம பட்டியல்லேர்ந்து பேர அடிச்சிடு. வெளிய மூச்சு விடாத, மத்தவன் எடுத்துட்டு அழட்டும்."

"சனிக்கிழமை ஆடப்போறானே."

"அது அந்தக் காலேஜ் பாடு."

கண்டுபிடித்தது அணியின் சொத்து என்பது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். அதை மீறாததைத்தான் ஹாலிஸ் இதுவரை நேர்மை என்று நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மீறினார். கல்லூரி அணியின் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவர் டேவியனை வரவழைத்தார்.

"என் விரல இறுக்கிப் பிடி."

இரண்டு கையாலும் இறுக்கினான். பிடியின் வலுவில் மருத்துவர் வலியோடு முகம் சுளித்தார். அந்த எரிச்சல் போகும்போது தடயம் விட்டுப் போவதில்லை.

"கை எரியுதுன்னு இவர்கிட்ட சொன்னியா?"

டேவியன் ஹாலிஸை நேராகப் பார்த்தான். "இல்ல டாக்டர். என் மதிப்பக் குறைச்சுட்டு, கடைசிச் சுற்றுல இவங்களே எடுத்துக்கலாம்னு பாக்குறாரு போல."

மருத்துவர் மெல்லச் சிரித்தார். "இந்த வித்தைய நான் நெறையப் பாத்திருக்கேன், மிஸ்டர் பிராட்." அவர் டேவியனை நம்பியதில் தவறில்லை. வதந்தி கிளப்பி ஆளை மலிவாக்குவது ஹாலிஸின் சகாக்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

ஹாலிஸின் மைதான அனுமதி அட்டையைக் கல்லூரிக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை மதியம் ஹாலிஸ் கம்பி வேலிக்கு வெளியே நின்றார். ஆட்டம் தொடங்கி எதிரணி நான்காவது முறை பந்தை எடுத்தபோதே, அதை அணைத்தபடி ஒரு தடித்த ஓட்டக்காரன் டேவியனின் பக்கமாகத் திரும்பினான். டேவியன் விலகியிருக்கலாம். நான்கு அணிகளின் ஆட்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்து நேராகப் போனான்.

ஓட்டக்காரன் அங்கேயே விழுந்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது, வாத்தியக் குழு முழங்கத் தொடங்கியது. விழுந்த ஓட்டக்காரன் எழுந்து, கீழே கிடந்த டேவியனைப் பார்த்து, இரண்டடி பின்வாங்கினான். பிறகு கையை உயர்த்தி யாரையோ கூப்பிட்டான். வாத்தியங்கள் இன்னும் நிற்கவில்லை.