குலசேகரம் வளைவில் ஓர் அனக்கம்

1. ஏழு கேள்விகள்

பாறை விழும் அபாயத்தைக் கணக்கிடும் வேலையில் நான் தனியாகப் போன முதல் இடம், குலசேகரத்துக்கு மேலே ஒரு மலைச்சாலை வளைவு. சித்திரை மாதம். பையில் இருந்தவை: சாய்வு அளக்கும் கிளைனோமீட்டர், டேப், சிவப்பு பெயின்ட், ஏழு கேள்விகள் கொண்ட ஃபாரம். குடை இல்லை. பட்டியலில் எழுத மறந்திருந்தேன்.

வளைவில் ரோஸ்லி அக்காவின் டீக்கடை. கடை முன்னால் பஸ் நிறுத்தம், சற்றுத் தள்ளி ஒரு சிறு பாலம். பின்னால், சரிவில், ஆட்டோ அளவுக்கு ஒற்றைப் பாறை. அதில் யாரோ எப்போதோ அடித்த இரும்புக் கம்பிக்கும் கடைத் தூணுக்கும் நடுவே கொடிக்கயிறு கட்டி, டீ வடிகட்டும் துணிகளைக் காயப்போட்டிருந்தார் அக்கா. முதல் தடவை குனிந்து போனேன். இரண்டாம் தடவை மறந்தேன். ஈரத்துணி முகத்தில் அறைந்தது.

"குனிஞ்சு போ பிள்ளே. அது இப்பம் உனக்க நெத்திக்கு நேராதான் தொங்குது."

ஆறு கேள்விகள் முடித்தேன். சாய்வு, விரிசல், நீர்க்கசிவு எல்லாவற்றுக்கும் மார்க் போட்டாயிற்று. ஏழாவதை அக்காவிடம் கேட்டேன்.

"பாறையில ஏதாவது மாற்றம் கவனிச்சீங்களா அக்கா?"

"மழை விட்டா ஒரு அனக்கம் உண்டு."

நான் மாவட்டத்தின் மறுகோடியில் அஞ்சுகிராமத்துக்காரி. எங்கள் வீட்டில் அனக்கம் என்றால் சத்தம். 'அனக்கம் காட்டாம இரி' என்று திட்டு வாங்கித்தான் படித்து முடித்தேன். சுற்றிலும் ரப்பர் தோட்டம். ஃபாரத்தில் தெளிவான கையெழுத்தில் எழுதினேன்: "மழைக்குப் பின் சத்தம். ரப்பர் காய் வெடிப்பதாக இருக்கலாம்."

மொத்த மார்க்கைக் கூட்டினால் பச்சை. அவசரமில்லை.

2. சித்திரை மாதத்து ரப்பர் காய்

எங்கள் அதிகாரி குலசேகரத்துக்குப் பக்கத்துத் திருவட்டாறுக்காரர். ஃபாரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, சித்திரையில எந்த ரப்பர் காய் வெடிக்கி?"

நான் என் கையெழுத்தை எட்டிப் பார்த்தேன்.

"அந்த அம்மா என்ன வார்த்தை சொன்னாங்க?"

"அனக்கம், சார்."

"எங்க பக்கம் அனக்கம்னா அசைவு. பாறை அசையுதுன்னு சொல்லியிருக்கு. நீ காய் பொறுக்கீட்டு வந்திருக்க."

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அனக்கத்தைச் சத்தம் என்று எழுதிவிட்டதைச் சொன்னேன். அக்காவுக்கு ஆச்சரியமே இல்லை.

"நான் அன்னைக்கே பறஞ்சேனே மக்கா. இந்தக் கயித்தப் பாரு. ஒவ்வொரு மழைக்கும் தொய்யுது. மூணு தடவை அவுத்து இறுக்கிக் கட்டியாச்சு. இப்பம் நாலாவது."

கயிற்றில் பழைய முடிச்சுகளின் தடம் மூன்று இருந்தது. டேப் வைத்தேன். முதல் தடத்துக்கும் இப்போதைய முடிச்சுக்கும் நடுவே நாலு விரல் அகலம். பாறை கடையை நோக்கி அவ்வளவு வந்திருக்கிறது. அதை அளக்க நாங்கள் வாங்கும் கருவிக்கு மூன்று கையெழுத்து வேண்டும். அக்காவுக்குத் துணி காய்ந்தால் போதும்.

சிவப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். அக்கா முகம் மாறியது.

"ஏட்டி, செவப்பு போட்டா எனக்க கடைய எடுக்கச் சொல்லுவியா?"

"எடுக்கணும் அக்கா."

"உனக்கு டீ தந்ததுக்கு நல்ல உபகாரம்."

"ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தா பிள்ளைங்க எங்க நிப்பாங்க?"

அக்கா பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். பிறகு மேலே பாறையைப் பார்த்தார். டீ ஆற்றும் கை நின்றுவிட்டது.

"எதிர்ப்பக்கம், பாலத்துக்கு அந்தப்பக்கம் பஸ் நிக்குமா?"

"நிறுத்தச் சொல்லி எழுதறோம்."

"அப்பம் எழுது. பஸ் நிக்குற இடத்துலதான் எனக்க கடையும் நிக்கும்."

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் இரண்டும் இடம் மாறின. பாறை நகர்வதை அளக்கக் கொடிக்கயிற்றையும் அதன் தூணையும் மட்டும் அங்கேயே விட்டுவைக்கச் சொன்னேன்.

3. இரண்டு அனக்கம்

பாறையை உடைக்க அனுமதி கேட்டு எங்கள் கடிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. பாறை அதற்குக் காத்திருக்கவில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழையின் ஒரு காலையில், பள்ளி பஸ் வருகிற நேரத்தில், அக்கா போன் செய்தார்.

"மக்கா, வந்துட்டு."

"பிள்ளைங்க?"

"எல்லாம் இஞ்ச எனக்க கடையில பன்னு தின்னுட்டு நிக்கு. அது பழைய அடுப்பு மேல போய் இருக்கு. எனக்க கயிறு போச்சு."

நான் பாறை விழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

"அப்புறம் கேளு," என்றார் அக்கா. "ஒரே நேரத்துல எனக்க அனக்கமும் உண்டு, உனக்க அனக்கமும் உண்டு. காது அடைச்சுப் போச்சு."

இப்போது எங்கள் ஃபாரத்தில் எட்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. "ஊரார் சொன்ன சொல்லை அப்படியே எழுதவும்." அதன் கீழே சின்ன எழுத்தில் நான் சேர்த்தது: "பொருள் தெரியும் என்று நினைத்தால், கட்டாயம் கேட்கவும்."