முன்சக்கரம் இழுக்காத வண்டி

கர்த்தர் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். எனக்கு அழகாகச் சாட்சி சொல்ல வராது. ஓரகடம் பக்கம் ஒரு கல்குவாரியில் வண்டி ஓட்டினவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991, மழைக்காலம். என் மனைவி கிரேஸ் நிறைமாதம். அதற்கு முன் எங்கள் முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஜெபம் நின்றுபோனது. ஆண்டவர்மேல் கோபமெல்லாம் இல்லை. கண்ணை மூடினால் உள்ளே ஒன்றுமே இருக்காது. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவேன். எல்லாரும் எழுந்தால் எழுவேன், உட்கார்ந்தால் உட்காருவேன். கிரேஸ் மறுபடி உண்டாகியிருப்பதாகச் சொன்னபோதும் "சரி" என்று மட்டும்தான் சொன்னேன். அவள் முகம் வாடியது. அதையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

குவாரி வண்டி, மிலிட்டரியில் கழித்து ஏலம் விட்ட பழைய லாரி. சேற்றிலும் பள்ளத்திலும் நாலு சக்கரமும் இழுக்கும். அதற்கென்று சீட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன லீவர். அதைத் தள்ளினால்தான் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அந்த வருஷம் சபையில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை முடிந்ததிலிருந்து லீவர் நிற்கவில்லை. தள்ளினால் விழும், கொஞ்ச தூரம் போனதும் ஒரு குலுக்கலில் கழன்றுகொள்ளும்.

ஸ்ரீபெரும்புதூர் பட்டறையில் விட்டுத் தரைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஸ்பிரிங் மாற்றினோம். லீவரோடு சேர்ந்த இரும்பு ராடை இழுத்துச் சரிசெய்தோம். பட்டறையில் ஒழுங்காக நிற்கும், குவாரிக்கு வந்தால் பழையபடிதான். முதலாளி சிரித்தார்.

"இன்னாப்பா, பட்டறையாண்ட நல்லா கீது, நீ ஓட்டினா மட்டும் அடம் புடிக்குது?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ரோஷமும் வரவில்லை.

ஒருநாள் காலையில் கிரேஸுக்கு வலி கண்டது. ஏரி நிரம்பி வழிந்து ரோட்டின்மேல் தண்ணீர் ஓடியது. பஸ் இல்லை. பார்க்க வந்த நர்ஸம்மா, "கொழந்தை குறுக்கால கீதுப்பா. இங்க ஆவாது, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ" என்றார். முதலாளி மறுபேச்சில்லாமல் லாரியைக் கொடுத்தார். பின்னால் தார்ப்பாய் கட்டி கிரேஸைப் படுக்கவைத்தோம். எங்கள் சபை எஸ்தர் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் கூட ஏறினார்கள்.

தண்ணீர் ஆழமில்லை. அடியில் இருந்த சேறுதான் கெடுத்தது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. லீவரைத் தள்ளினேன், கழன்றது. கையால் அழுத்திப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டது. சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினேன். அதையும் மீறிக்கொண்டு வந்தது. எப்படியோ பின்னால் எடுத்துக் கரையில் நிறுத்தினேன்.

"இன்னாங்க, வண்டி ஏன் நின்னுடுச்சி?" என்று உள்ளேயிருந்து கிரேஸ் கேட்டாள்.

நான் இறங்கி நின்றேன். இந்தக் குழந்தையும் போய்விடும், ஒருவேளை அவளும் போய்விடுவாள் என்று நினைத்தேன். பக்கத்து ஊரில் யாருக்கோ நடக்கிற விஷயம் மாதிரி நினைத்தேன். அழுகை வரவில்லை.

எஸ்தர் அக்கா இறங்கி வந்தார். "தம்பி, வா, முட்டி போட்டு ஜெபிக்கலாம்."

"எனக்கு வரலக்கா. நீங்க பண்ணுங்க."

"சரி, நீ சும்மாவாவது நில்லு. முட்டி போட கீழ எதுனா எடுத்துப் போடு, ஒரே சேறா கீது."

எங்கள் சபையில் முழங்கால் போடாமல் ஜெபம் கிடையாது. எதை விரிப்பது என்று தேடி, வண்டிக்குள் டிரைவர் சீட்டுக்கு முன்னால், என் காலுக்கடியில் கிடக்கும் விரிப்பை உருவினேன். அறுப்பின் பண்டிகைக்கு ஜனங்களை ஏற்றிவர முதலாளி இந்த லாரியைத்தான் கொடுத்திருந்தார். இன்ஜின் சூட்டில் என் கால் வெந்துபோகிறதே என்று சபைப் பெண்கள் கோணியை அடுக்கடுக்காக மடித்து, மேலே ரெக்சின் வைத்துத் தைத்துக் கொடுத்த விரிப்பு அது. அதைச் சேற்றில் போட்டேன். மற்ற இரண்டு பெண்களும் இறங்கி வர, மூன்று பேரும் முழங்கால் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். என்ன ஜெபித்தார்கள் என்று ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை.

"ஆமென்" சொல்லி எழுந்து, "இப்போ போட்டுப் பாரு" என்றார் அக்கா. எல்லாரும் வண்டியில் ஏறினார்கள்.

லீவரைத் தள்ளினேன். இத்தனை நாள் போகாத தூரம் போய் 'டக்' என்று விழுந்தது. முன்சக்கரம் பிடித்தது. தண்ணீரைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறும்வரை லீவர் அசையவில்லை.

கரையேறியதும், விரிப்பு இல்லாத வெறும் தகட்டைப் பார்த்தபோது விளங்கிவிட்டது. தடித்த அந்த விரிப்பின் ஓரம் லீவருக்குக் குறுக்கே முட்டிக்கொண்டு, முழுதாக விழவிடாமல் தடுத்திருக்கிறது. பட்டறையில் ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து மடித்து மரியாதையாக ஓரம் வைத்துவிட்டுத்தான் தகட்டைக் கழற்றினோம். வேலை முடிந்ததும் மறக்காமல் விரித்தோம். சபை அன்பாகத் தைத்துக் கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கிரேஸும் பிழைத்தாள். நர்ஸ் என் கையில் கொடுத்ததும் குழந்தை வீறிட்டது. நானும் வராந்தா என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன். ஸ்தோத்திரம் என்ற சொல் மறுபடி என் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

"விரிப்ப எடுத்ததுக்குப் போயி சாமின்றியே" என்று முதலாளி கேலி செய்தார். காரணம் விரிப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் முழங்கால் போட நினைத்திராவிட்டால் நான் அதை எடுத்திருக்கவே மாட்டேன். அந்த நினைப்பைக் கொடுத்தவர் கர்த்தர் என்று நம்புகிறேன்.

இப்போது தினமும் ஜெபிக்கிறேன். சில நாள் இன்றைக்கும் உள்ளே வெறுமைதான். உங்களில் யாருக்காவது அப்படி ஜெபம் வரவில்லையென்றால் வெட்கப்படாதீர்கள். ஜெபிக்கிறவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுங்கள். அன்று நான் செய்தது அவ்வளவுதான். ஆண்டவருக்கு அது போதுமானதாக இருந்தது.