கம்பளையில் புல்டோசர் லொறி ஏறிய நாள்

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகைக்குப் போவார்கள், வாவியைச் சுற்றி நடப்பார்கள், பேராதனைப் பூங்காவில் படம் எடுப்பார்கள். நான் போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் போனது ஒரு பழைய புல்டோசரை ஸ்டார்ட் பண்ண. அதுவும் என்னுடையது அல்ல. இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிற பத்துப் பதினைந்து பேருக்கும் என் வியாதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: கிளிநொச்சியில் என் வீட்டுக் காணிக்குள் எழுபது வயதைத் தாண்டிய ஒரு புல்டோசர் நிற்கிறது. இரும்புக்கு வெட்டப்போனதை நான் வாங்கினேன். மனைவியும் மகளும் கனடாவில். பின்னேரம் கந்தோர் வேலை முடிந்து வந்தால் எனக்குத் துணை அந்த மெசின்தான்.

அதே ரகத்தில் இன்னொன்று கம்பளையில் நின்றது. சொந்தக்காரர் மடவளை நஸீர். நான்கு வருடமாக அநேகமான பின்னேரங்களில் இருவரும் போனில் பேசுவோம். நேரில் கண்டதில்லை. எந்த வால்வு ஒழுகுகிறது, எந்த நட் இறுகிவிட்டது, இதுதான் பேச்சு. போன வருடம் நஸீர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். மெசின் நின்ற வாடகைக் காணியைக் காணிக்காரர் திருப்பிக் கேட்டதால் விற்கவேண்டி வந்தது. ஹசலக்கப் பக்கத்தில் காணி திருத்தும் ஒருவர் வாங்கச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, மெசின் தானாக ஓடி லொறியில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் லொறி வெறுமையாகத் திரும்பும், பழைய இரும்பு வாங்குகிறவர் காஸ் கட்டர் வைத்து வெட்டி எடுத்துப்போவார்.

"அண்ண, நீங்க போய் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க. ஏறாட்டி ஒங்களுக்குத் தேவையான சாமானக் கழட்டி எடுத்துக்கோங்க" என்றார் நஸீர்.

எனக்குத் தேவையான சாமான் ஒன்றே ஒன்று, செயினை இழுத்துச் சுற்றும் பெரிய பற்சில்லு. என்னுடையதில் பற்கள் உடைந்துவிட்டன. தேடாத இடமில்லை. நஸீரின் மெசினில் இரண்டு பக்கமும் நல்ல பற்சில்லுகள். ஆக, ஸ்டார்ட் ஆனால் நஸீருக்கு நல்லது, ஆகாவிட்டால் எனக்கு நல்லது. இப்படி ஒரு மனதோடு யாரும் பயணம் வெளிக்கிடக்கூடாது.

கிளிநொச்சியிலிருந்து கண்டி ஏறத்தாழ 250 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் – கண்டி பஸ்ஸில் இரவு ஏறினால் விடியக் கண்டியில் இறங்கலாம். நான் போன நாளில் கட்டணம் ஆயிரத்துச் சொச்சம். மாத்தளை தாண்டியதும் குளிர் தொடங்கும், போர்வை கொண்டுபோங்கள். அக்குறணையில் பஸ் நின்றபோது ஒரு குடும்பம் ஏறி, ஒருவர் மடியில் ஒருவராகத் தூங்கியது. என் பக்கத்து சீற்றில் ஸ்பானர், குறடு போட்ட என் ஆயுதப் பை இருந்தது. கண்டியிலிருந்து கம்பளைக்கு ரயில் எடுத்தேன். இருபது கிலோமீற்றர்தான், ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு நஸீரின் மூத்த சகோதரர் ரபீக் முச்சக்கரவண்டியோடு வந்திருந்தார். நான் அவரை முஸ்லிம் வழக்கப்படி நானா என்றேன், அவர் என்னை அண்ணன் என்றார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்கவில்லை.

காணி மகாவலிக் கரையோரம். லொறி ஏற்கனவே வந்து, மெசின் ஏறப் பலகையைச் சாய்த்துவைத்து நின்றது. சாரதி சிவா நாவலப்பிட்டிக்காரர். "மத்தியானத்துக்கு மேல மழ வந்துரும் சார். பலக நனஞ்சா ஏத்த மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

இந்த மெசினின் பெரிய டீசல் எஞ்சினைச் சுற்றி எழுப்ப, பக்கத்தில் ஒரு சின்னப் பெற்றோல் எஞ்சின் இருக்கிறது. முதலில் சின்னது ஓடவேண்டும். நான் எவ்வளவு இழுத்தும் அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை. எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்து மணந்து பார்த்தேன். எண்ணெயில் பெற்றோல் வாடை.

"நானா, இதை ஆர் கடைசியா ஓட்டினது?"

"நான்தான். போன மாசம் வரைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிஞ்சி வந்து சின்ன எஞ்சின ஓட்டி, தம்பிக்கு போன்ல சத்தம் கேக்க வெப்பன். அதக் கேக்காட்டி அவனுக்கு அங்க தூக்கம் இல்லயாம். சுவிச்ச ஓஃப் பண்ணிட்டுத்தான் போவன்."

அங்கேதான் பிழை. இந்தச் சின்ன எஞ்சினை சுவிச்சால் நிறுத்தக்கூடாது. பெற்றோல் குழாயைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பதைக் குடித்து அதுவாகவே நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் மிச்சப் பெற்றோல் காபரேட்டரில் பசையாகிவிடும், திறந்த குழாயால் ஒழுகி எண்ணெயிலும் கலக்கும். தம்பி மேலிருந்த பாசத்தால் இந்த மனிதர் கிழமைக்கு ஒருதரம் எஞ்சினைக் கெடுத்திருக்கிறார்.

"ஸ்டார்ட் பண்ண ஏலாதா அண்ணன்?" என்று கேட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். "ஏலாது" என்று ஒரு சொல் சொன்னால் பற்சில்லு எனக்கு. ஓடுமா ஓடாதா என்று அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மேற்கே வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. நான் குந்தியிருந்து அந்தப் பற்சில்லை வடிவாகப் பார்த்தேன். ஒரு பல்கூடத் தேயவில்லை. எழுந்து கையைத் துடைத்தேன்.

"ஏலும். எண்ணெய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

காபரேட்டரைக் கழற்றி, பெற்றோலில் ஊறவைத்து, துவாரங்களை மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதினேன். பெற்றோல் நாக்கில் பட்டது, அது பழகிப்போன ருசி. பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினோம். மூன்றாம் இழுவையில் சின்னது பிடித்தது. அது பெரியதைச் சுற்றிச் சூடாக்கும்வரை பொறுத்திருந்து டீசலைத் திறந்தேன். கறுப்புப் புகை ஒரு பந்தாக மேலே போக, நிலம் அதிரத் தொடங்கியது. ரபீக் நானா சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சிவா சிகரெட்டை எறிந்துவிட்டுப் பலகையைச் சரிசெய்தார்.

பலகை ஏற்றத்தில் நான்தான் ஓட்டினேன். மெசின் முன்பக்கம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, பிறகு தொப்பென்று லொறித் தட்டில் விழுந்தது. முதல் துளி அதற்குப் பிறகுதான் விழுந்தது. லொறி வளைவில் மறைந்ததும் ரபீக் நானா தொழுகைக்குப் போனார். மெசின் நின்ற இடத்தில் எண்ணெய் ஊறிய கறுப்பு மண் மட்டும் மிச்சம். மழையில் நனைந்துகொண்டு நின்றேன். அழுகை வந்தது. பற்சில்லுக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

கம்பளை ஸ்டேஷனில் ரயில் பிந்தியது. அந்த நேரத்தில், இப்படி மெசின் பார்க்க வருகிறவர்களுக்காக யோசித்தவை: காலை வெள்ளனப் போங்கள், மலைநாட்டு மழை பின்னேரத்துக்கு உரியது. எண்ணெயை மணந்து பார்க்காமல் எதையும் சுற்றாதீர்கள். முடிந்தால் ஒரு துணையோடு போங்கள். கழற்றிய சாமானைப் பிடிக்க அல்ல, திரும்பி வரும்போது பேச.

அப்போது நஸீர் அழைத்தார். சத்தத்தைப் பதிவுசெய்து நானா அனுப்பிவிட்டாராம். கேட்டுக் கேட்டு அழுததாகச் சொன்னார். பிறகு, "அண்ண, பற்சில்லு?"

"அது லொறியில போயிட்டுது."

"மெசினும் போச்சி. இனி நாம என்னத்தப் பேசுற, அண்ண?"

"என்ர மெசின் இன்னும் ஓடேல்லைத்தானே, நஸீர்" என்றேன். "நாளைக்கு எடுங்கோ."