வாய்ப்பாடு போன பிறகு

நில அளவை அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘மிஷின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு பெரிய எண்கள் இரண்டைக் கொடுத்தாலும் காகித ஓரத்தில் நாலைந்து வரி கிறுக்கிவிட்டு விடையைச் சொல்லிவிடுவாள். கால்குலேட்டர் வந்த பிறகும் பொறியாளர்கள் அவள் மேஜைக்கு வந்து, “ஒரு தடவை பாத்துக் குடுங்களேன்” என்று நிற்பார்கள். வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சும் மெல்லத் திரும்பியது. வலது கை மட்டும் கட்டையாகக் கிடந்தது.

வீட்டுக்கு வந்த புதிதில், பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் அவளைச் சிரிக்கவைக்க நினைத்தார்.

“எங்க, மிஷினம்மா, ஏழெட்டு எவ்வளவு சொல்லு?”

அவள் வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். முகம் வெளிறிப் போயிற்று.

“அந்த இடமே காலியா இருக்குங்க.”

“அட, விடும்மா. எனக்குப் பதிமூணாம் வாய்ப்பாடு தெரியாது. அதுக்காக பஸ் ஓடாமயா இருக்கு?” என்று சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

மறுநாளே ஒரு கால்குலேட்டர் வாங்கி வந்து கட்டிலில் வைத்தார். “இனிமே தட்டினா போதும்.”

“விடை வேணும்னு உங்கள யாருங்க கேட்டா?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து அவளுக்குப் பயிற்சி தரும் பெண்ணிடம் சொல்லி வருத்தப்பட்டார். அந்தப் பெண் அடுத்த முறை ஒரு கட்டு வெள்ளைக் காகிதத்தோடு வந்தாள்.

“அக்கா, உலகத்துல எல்லாரும் நாம பெருக்குற மாதிரியே பெருக்கல. ஊருக்கு ஊரு வேற வழி வச்சிருந்திருக்காங்க. ஒவ்வொண்ணா பாப்போமா?”

முதலில் கட்டம். அரபு நாடுகளிலும் இத்தாலியிலும் அந்தக் காலத்தில் போட்ட கணக்கு. அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கட்டங்கள் போட்டு, குறுக்குக் கோடுகளும் இழுத்தாள். முதல் கட்டத்திலேயே பென்சில் நின்றுவிட்டது.

“இதுக்கும் வாய்ப்பாடு வேணுமேம்மா.”

அடுத்தது கோடுகள். இருபத்து மூன்றுக்கு இரண்டு கோடு, இடைவெளி விட்டு மூன்று கோடு. அவற்றின் குறுக்கே பதினான்குக்கு ஒன்று, பிறகு நான்கு. கோடுகள் வெட்டும் புள்ளிகளை நூறு, பத்து, ஒன்று என்று பிரித்து எண்ணிக் கூட்டினால் போதும். முந்நூற்று இருபத்திரண்டு வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் எட்டும் ஒன்பதும் வந்தபோது காகிதம் முட்புதராகிவிட்டது. எண்ண எண்ணக் கண் இருண்டது. தள்ளி வைத்துவிட்டாள்.

“இன்னும் ஒண்ணு இருக்குக்கா. ரெட்டிக்கத் தெரிஞ்சா போதும். எகிப்துல ரெட்டிச்சு ரெட்டிச்சுத்தான் பெருக்கியிருக்காங்க. ரஷ்யக் கிராமங்கள்ல ஒரு பக்கம் பாதியாக்கி, மறுபக்கம் ரெட்டிப்பாங்களாம்.”

முந்நூற்று நாற்பத்தேழை இருபத்தாறால் பெருக்க வேண்டும். இடப்பக்கம் இருபத்தாறு, பதின்மூன்று, ஆறு, மூன்று, ஒன்று. பாதியில் மிஞ்சும் அரையை விட்டுவிடலாம். வலப்பக்கம் முந்நூற்று நாற்பத்தேழு இரட்டித்துக்கொண்டே இறங்கியது. இடப்பக்கம் இரட்டை எண் நின்ற வரிகளை அடித்தாள். மிச்சத்தைக் கூட்டினாள். கூட்டல் அவளிடம் பத்திரமாக இருந்தது.

“ஒன்பதாயிரத்து இருபத்திரண்டு,” என்றாள். வாசலில் சீருடையோடு நின்ற கணவரைப் பார்த்தாள். “தட்டிப் பாருங்க.”

அவர் தட்டினார். “அதேதாம்மா.”

நோய் வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தக் காகிதத்தின்மேல் கவிழ்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டிப்போல திட்டப் போறாங்க, போங்க.”

“திட்டட்டும்.”

வாய்ப்பாடு திரும்பவே இல்லை. மீண்டும் வேலைக்குப் போனபோது, அலுவலகத்தில் வரைபடங்களை அடுக்கிவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். பழைய மேஜையைத் தாண்டிப் போகவே முதலில் மனம் கூசியது, பிறகு பழகிவிட்டது. “முன்னாடி விடை தானா வந்து விழும். இப்போ அது எங்கேருந்து வருதுன்னு பாத்துக்கிட்டே போறேன்,” என்று கணவரிடம் ஒருமுறை சொன்னாள். வேலைக்குக் கிளம்புமுன் தினமும் ஒரு பெருக்கல் போடுவாள். அது முடியும்வரை அவர் வண்டிச் சாவியைக்கூடச் சத்தமில்லாமல்தான் எடுப்பார்.