ஜேசிபிக்கும் வேப்பங்கன்றுக்கும் நடுவே

இன்று காலை மல்காஜ்கிரியில், எங்கள் அபார்ட்மெண்ட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில், உறுமிக்கொண்டிருந்த ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றேன்.

செகரட்டரி அங்கிள் கொதித்தார். "கைக்குமா, எதுக்கு இந்த வேலை? பார்த்தீனியம் பூத்தா எனக்கு மூச்சு முட்டும். வருஷா வருஷம் இந்த மனையைச் சுரண்டுறதுதானே."

"சுரண்டுறதாலதான் அங்கிள் அது வருது. மொட்டை மண்ல முதல்ல முளைக்கிறதே அதுதான். நீங்க கனடால மகள் வீட்ல இருந்த ரெண்டு வருஷம் யாரும் சுரண்டல. தகரைச் செடி மண்டி அதை அமுக்கிருச்சு. அந்த நிழல்லதான் இப்போ வேம்பு வந்திருக்கு."

ஜேசிபியின் கை என் தலைக்கு மேலேயே நின்றது. அங்கிள் உள்ளே இறங்கித் தேடினார். ஒரு பார்த்தீனியம்கூட இல்லை.

"சரி, நக்கோ, இன்னைக்கு வேணாம். கிறிஸ்மஸுக்கு முன்னால சுத்தம் பண்ணியே ஆகணும்."

அதற்குள் அவரை மகள் மறுபடி கனடாவுக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள்.