மழை பெய்யாத நான்கு நாள்கள்

2021 மே 6 – ரூ. 41,300
2022 மார்ச் 19 – ரூ. 38,750
2023 ஏப்ரல் 27 – ரூ. 44,200
2024 மார்ச் 7 – ரூ. 46,900

நான்கும் மழை விடுப்பால் வந்த நஷ்டம் என்று சொர்ணலட்சுமியின் பதிவேட்டில் இருந்தன. சாத்தூரில் உள்ள பட்டாசுக் கம்பெனி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக எழுத்து வேலை. அச்சங்குளம் ஆலையிலிருந்து போர்மேன் சிவபாண்டி போனில் சொல்வான்; அவள் எழுதுவாள். அடித்துத் திருத்திய பழக்கமே கிடையாது.

ஆலையில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று சென்னையிலிருக்கும் முதலாளி மணிகண்டராஜ் படம் கேட்டிருந்தார். சொர்ணலட்சுமி பெரிய தாளில் வரைந்தாள். வலப்பக்கம் போகப் போகச் செலவு. மேலே போகப் போக, அந்த வேலையால் தவிர்க்கக்கூடிய நஷ்டம். வேலைக்கு ஒரு வட்டம். பேக்கிங் முற்றத்துக்கு மழைக்கூரை உச்சியில் நின்றது. முதலாளி அதற்கே சரி சொல்லிவிட்டார்.

பி.எப். தாளில் கையெழுத்து வாங்க வந்த பொன்மணி, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். ஆலையில் பட்டாசு மருந்து காயவைக்கும் மேடையில் வேலை அவளுக்கு.

"எங்க மேடை எங்கனக்கா இருக்கு?"

"அந்தா, கீழ் மூலையில. மத்த கட்டடத்தை விட்டுத் தள்ளிக் கட்டப் பன்னெண்டு லட்சம் ஆகும். அங்கன நஷ்டம்னு ஒண்ணும் இல்லையே."

"கூரை மட்டும் எப்படி ஏறி உக்காந்திருக்கு?"

சொர்ணலட்சுமி நான்கு தேதிகளையும் வாசித்தாள். பொன்மணி சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பை விலக்கி முழங்கையைக் காட்டினாள். தோல் சுருங்கியிருந்தது.

"கடைசியாச் சொன்னீகளே, அந்த மழைதான்க்கா இது. நாலு நாளும் மேடையில தீப்பிடிச்சுச்சு. வெளிய தெரியக்கூடாதுன்னு போர்மேன் மழைன்னாரு. நீக தெரிஞ்சேதான் எழுதுறீகன்னு நெனச்சோம்."

சொர்ணலட்சுமி வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்த பழைய மாதக் காலண்டர்களை இறக்கினாள். சிலிண்டர் வந்த நாள், மழை பெய்த நாள் எல்லாம் கட்டத்தில் குறித்திருப்பாள். 2024 மார்ச் 7: 'வத்தல் காயப்போட்டேன்.' மற்ற மூன்றிலும் மழை இல்லை. பதிவேட்டில் 'மழை' என்றிருந்ததும் அதே கையெழுத்துதான்.

புதிதாக ஒரு படம் வரைந்தாள். நான்கு தொகையும் இடம் மாறின. கூரை வட்டம் சரிந்து, மேடை வட்டம் உச்சிக்குப் போனது. பொன்மணியின் முழங்கைக்கு என்ன தொகை போடுவது என்று தெரியாமல் அதை அடியில் வாக்கியமாக எழுதினாள். காலண்டர் தாள்களையும் சேர்த்துச் சென்னைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

சிவபாண்டி வந்தான். "உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கிறீகளேக்கா."

"எழுதினது என் கைதானலே."

முதல் பதில்: கூரைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மறுபடி எழுதினாள். இரண்டாவது பதில்: விசாரிக்கிறோம். பொன்மணி மேடைக்குத்தான் தினமும் போய்க்கொண்டிருந்தாள். சொர்ணலட்சுமி தினமும் மாலை ஆலைக்குப் போன் போட்டு, அவள் இறங்கிவிட்டாளா என்று கேட்டுக் காலண்டரில் குறித்தாள்.

மேடையை அன்றே மூடவும், நாற்பது மீட்டர் தள்ளிக் கட்டவும் உத்தரவிட்ட கடைசிக் கடிதம் வந்த நாள்: 2025 ஜூலை 2, புதன்கிழமை.